அப்பாவின் கையெழுத்தை ஒட்டும் ஆல்பத்திலிருந்து மீட்ட கதை

மே மாதம் நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்த படம் போன ஞாயிற்றுக்கிழமை முழுதாகத் திரும்பக் கிடைத்தது. படம் என்பதைவிட அதன் முதுகு என்று சொல்ல வேண்டும். அப்பா பின்பக்கம் எழுதியிருந்த மூன்று வரிகளில் நடுவரி ஐந்து மாதமாக ஆல்பத்தின் பசையில் சிக்கியிருந்தது. இப்போது அதைப் படித்துவிட்டேன். அன்று இரவு தூங்கவே இல்லை.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய படங்கள், அட்டை டிக்கெட்டுகள், பாஸ், இரண்டு தந்திகள் எல்லாவற்றையும் ஒரே நினைவேடாகத் தொகுக்கும் வேலையைச் சித்திரையில் தொடங்கினேன். பக்கம் அமைப்பதெல்லாம் பிறகு. முதலில் படங்களை எண்பதுகளில் வாங்கிய ஒட்டும் ஆல்பத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மேக்னடிக் ஆல்பம் என்று விற்றார்களே, அதுதான். காந்தம் எதுவும் கிடையாது. அட்டை, அதன்மேல் வரிவரியாகப் பசை, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். நாற்பது வருடத்தில் பசை பழுப்பாகி இறுகிவிட்டது. தானாக ஒட்டும் ஆல்பத்துக்கு மார்க் ட்வைன் 1873-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். அவருடையது தண்ணீர் தொட்டு ஒட்டுகிற பசை. அந்த முறையே நிலைத்திருந்தால் என் வேலை பாதியாகியிருக்கும்.

மொத்தம் 87 படங்கள். கலர் படங்கள் 61, கறுப்பு வெள்ளை 26. கலர் இரண்டே வாரக் கடைசியில் வந்துவிட்டது. அந்தத் தாளின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பசை ஆழமாக இறங்குவதில்லை. மூலையில் நூலை நுழைத்து ரம்பம் போல இழுத்தால் போதும். டென்டல் ஃப்ளாஸ்தான் எல்லோரும் சொல்வது. எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் மெழுகு பூசியதுதான் இருந்தது, படத்தின் முதுகில் மெழுகு தடவ எனக்கு மனம் வரவில்லை. தூண்டில் விற்கிற கடையில் மெல்லிய தங்கூசி நரம்பு ஒரு சுருள் வாங்கினேன். ஃப்ளாஸை விட மெல்லியது, அறுவதில்லை. இரண்டு முனையிலும் பட்டன் கட்டிக்கொண்டால் விரலை வெட்டாது. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

கறுப்பு வெள்ளைதான் உயிரை எடுத்தது. பழைய தாளில் அந்தப் பூச்சு கிடையாது, வெறும் காகித நார். பசை நாருக்குள் இறங்கிவிடுகிறது. நரம்பை இழுத்தால் பசை அறுபடுவதற்குப் பதில் காகிதம்தான் தோல் உரிவதுபோல் உரிகிறது. அப்பா எழுதியிருப்பதெல்லாம் இந்தப் படங்களின் முதுகில்தான். பேனா மை வேறு, அதனால் தண்ணீரோ கரைப்பானோ பக்கத்தில்கூட வரக் கூடாது. ஹேர் டிரையரைக் காட்டினேன். திருச்சி மே மாத வெயிலில் பசை முன்பே இளகித்தான் இருந்தது, சூடு பட்டதும் பாகாகி இன்னும் இழுத்துப் பிடித்தது. ஃப்ரீசரும் பார்த்தேன். உறைந்தால் பசை நொறுங்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளியே எடுத்த இரண்டாவது நிமிடம் படத்தின்மேல் நீர் கோத்துக்கொண்டது. படத்தைத் தாங்கும் மேற்பூச்சு ஜெலட்டின், ஈரமானால் உப்பி இளகிவிடும். அப்படியே நிறுத்திவிட்டேன்.

அந்த மே மாதத்தில்தான் இந்த ஒரு படத்தைக் கெடுத்தேன். அப்பாவும் இன்னொருவரும் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அவசரப்பட்டு இழுத்தேன். படம் வந்தது, முதுகின் நடுப்பட்டை ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. மிச்சமிருந்ததில் மேலே ‘28-5-74. மறுபடி வேலைக்கு’, கீழே ‘தனியாக உள்ளே போனேன்’. தேதி புரிந்தது. 1974 மே 8-இல் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தை 27-ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறார். தனியாக என்று ஏன் எழுதினார் என்பதுதான் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, “அதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆவுறதுக்கு முந்தி” என்றார்.

அதன்பிறகு ஒரு மாதம் ஆல்பத்தைத் தொடவில்லை. பிறகு முறையையே தலைகீழாக்கினேன். அட்டையிலிருந்து படத்தை எடுக்காமல், படத்திலிருந்து அட்டையை எடுப்பது. மறுபக்கத்துப் படங்களை முதலில் கழற்றிவிட்டு, படத்தைச் சுற்றி அட்டையை வெட்டி, மையுறிஞ்சும் தாள்மேல் குப்புறப் போட்டு, அட்டையை அடுக்கடுக்காக உரித்தேன். கத்தி வேண்டாம், முனை மழுங்கிய தட்டையான ஸ்பாட்டுலா போதும். ஒவ்வோர் அடுக்கையும் தன்மேலேயே மடித்துத் தாழ்வாக இழுக்க வேண்டும், நிமிர்த்தி இழுத்தால் போச்சு. கடைசி அடுக்கு வந்ததும் பசைக்கோடுகள் மட்டும் நிற்கும். அவற்றைக் கிரேப் ரப்பரால், செருப்பு அடியில் வைப்பார்களே அந்தச் சொரசொரப்பான ரப்பர், உருட்டி உருட்டி எடுக்கிறேன். ஒரு படத்துக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. 23 படங்கள் இப்படி வந்தன, ஓர் எழுத்துகூடப் போகவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

நடுவில் பொருள் வாங்கிய கதை. ‘ஆவணத் தரம்’ என்று போட்டு ஓர் இணையக் கடை அனுப்பிய கவர்களைப் பிரித்ததும் புது மழைக்கோட்டு வாசம். சந்தேகப்பட்டு, செம்புக் கம்பியை அடுப்பில் பழுக்கவைத்து, கவரில் தொட்டு மறுபடி தீயில் காட்டினேன். சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் இருக்கிறது, பி.வி.சி.தான், நாளடைவில் படத்தைக் கெடுக்கிற பிளாஸ்டிக். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நீங்களும் செய்து பாருங்கள். பெரிய கடை வீதியில் கேட்டு வாங்கிய மொறமொறப்பான பாலிப்ரொப்பிலீன் கவர் பச்சை காட்டவில்லை. விலையும் ஐந்தில் ஒரு பங்கு.

தாள் புதுச்சேரி ஆசிரமத்தின் கைத்தாள், பருத்தியில் செய்தது. 22-க்கு 30 அங்குலத் தாள். நினைவேடு செய்பவர்கள் வழக்கமாக வைக்கும் 12-க்கு 12 அங்குலத்தில் வெட்டினால் எக்கச்சக்கமாக வீணாகிறது. நான்காக மடித்து 11-க்கு 15 வைத்துக்கொண்டேன், துண்டு மிச்சமில்லை. கடைத்தாள் ஒன்றையும் இதையும் பாதி மறைத்து மொட்டைமாடி வெயிலில் இரண்டு வாரம் போட்டேன். கடைத்தாள் காபிக் கறை நிறத்துக்குப் போனது. கைத்தாளில் கோடுகூட விழவில்லை.

சரி, போன ஞாயிறுக்கு வருகிறேன். மே மாதத்து ஆல்பப் பக்கத்தைத் தூக்கி எறிய மனமில்லாமல் வைத்திருந்தேன். அதில் உரிந்து ஒட்டிய காகிதத் தோல் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும், ஏனென்றால் எழுத்துப் பக்கம் பசையைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது. அன்றைக்கு அட்டையைப் பின்னாலிருந்து உரித்து உரித்துத் தோலும் பசையும் மட்டும் நிற்கும்படி செய்து, கைப்பேசி வெளிச்சத்தை அடியில் வைத்தேன். நீல மை மேலே தெரிந்தது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி. படம் பிடித்துத் திருப்பிப் போட்டேன். அப்பாவின் சாய்வான ‘ம’. ‘மாப்பிள்ளை இல்லாமல்’.

அம்மாவிடம் காட்டினேன். சைக்கிளின் மறுபக்கம் நிற்பவரைத் தொட்டு, “இவருதான். உங்கப்பா மாப்ளன்னுதான் கூப்புடுவாரு. ஸ்ட்ரைக்குல இவர வேலைய விட்டு எடுத்துட்டாங்க. எங்க கல்யாணத்தப்பகூட வேலை கெடையாது, ஆனா பந்தி முழுக்க அவருதான் பாத்தாரு. அப்புறம் 77-லதான் திரும்ப எடுத்தாங்க” என்றார். இவ்வளவையும் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தாரா என்று கேட்டேன். “நீ பேரக் கேட்டியா?” என்றார். இனி ஒவ்வொரு படத்தையும் அம்மாவிடம் முதலில் காட்டி, சொல்வதைப் பதிவுசெய்துவிட்டுத்தான் பக்கத்தில் வைப்பது என்று முடிவெடுத்திருக்கிறேன். அலமாரியில் அப்பா பேசிய ஒரு கேசட் இருக்கிறது, அதை டிஜிட்டலாக்க நல்ல டெக் ஒன்று தேடுகிறேன்.

இந்தச் சைக்கிள் படத்தை, நான்கு மூலைகளையும் செருகிப் பக்கத்தில் ஒட்டும் மூலைப் பைகளில் வைக்கப்போவதில்லை. பின்பக்கமும் தெரிய வேண்டும். பக்கத்தில் ஜன்னல் வெட்டி, பாலியெஸ்டர் உறையில் இட்டுப் பொருத்துகிறேன். ஒரு பக்கம் திருப்பினால் சைக்கிள், மறுபக்கம் அப்பாவின் எழுத்து. நடுவரிக்கு அந்தத் தோலையே அதன் இடத்துக்கு எதிரே தனி உறையில் வைக்கிறேன். பசை நீக்க முயலவில்லை, முயலவும் மாட்டேன். ஜன்னலை நேற்று வெட்டினேன், ஒரு மூலை அரை மில்லிமீட்டர் கோணிவிட்டது, வேறு தாளில் மறுபடி வெட்ட வேண்டும்.

மிச்சமிருக்கும் இரண்டு படங்கள் ஆல்பத்திலேயே இருக்கின்றன. மார்கழிக் குளிரில் பசை கொஞ்சம் இறுகட்டும், அப்போது தொடுகிறேன். அதற்குள் சைக்கிள் படத்தை இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து ஒரு பிரதி போட வேண்டும். அந்த ‘மாப்பிள்ளை’யின் மகன் இன்னும் பொன்மலையில்தான் இருக்கிறாராம். சந்தைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட்டு வரலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.