ஒன்றரை ஏக்கர் தேயிலைக் கணக்கு

ஏப்ரல் 27
நல்ல மழை. கொழுந்து திரண்டு நிற்கிறது. கோத்தகிரி பக்கம் எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் பறிப்புக்கு வருவதால் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. காண்ட்ராக்ட்காரருக்குப் போன் போட்டேன். "கிலோவுக்கு ஏழு ரூபாய்ணா. போன வருஷ ரேட்டெல்லாம் கேக்காதீங்க" என்றார். சரி என்றேன். பேரம் பேசி ஒரு வாரம் போனால் இலை முற்றிவிடும், பேக்டரியில் திருப்பி அனுப்புவார்கள்.

மே 2
ஜார்க்கண்ட் பையன்கள் கத்தரியோடு வந்தார்கள். வெட்டிய இலை கத்தரியில் பொருத்திய தட்டில் விழ, அதை அப்படியே முதுகுப்பைக்குள் கவிழ்க்கிறார்கள். வேகம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் குச்சியும் முற்றிய கரட்டு இலையும் சேர்ந்தே வருகிறது. கையால் கிள்ளினால் இரண்டு இலை ஒரு மொட்டு என்று சுத்தமாக வரும். அதற்குக் கூலி கொடுத்தால் இலை விற்ற காசே போதாது. விலை இல்லாததால் கத்தரி, கத்தரி இலையால் தூள் மட்டம், தூள் மட்டமானால் ஏலத்தில் மறுபடி விலை இல்லை.

எடை 600 கிலோ. இலை ஈரம் என்று 30 கிலோ கழித்தார்கள். மழைக்காலத்தில் காய்ந்த இலைக்கு எங்கே போவது!

ஜூன் 6
மே மாத விலை 17 ரூபாய் என்று தெரிந்தது. ஆம், இலையைக் கொடுத்த அடுத்த மாதம்தான் அதன் விலை நமக்குத் தெரியும். தூள் விற்ற காசில் நூற்றுக்கு 65 பங்கு விவசாயிக்கு, 35 பேக்டரிக்கு. குன்னூர் ஏலத்தில் தூள் கிலோ 120 ரூபாய்க்குப் போனால் நம் பங்கு 78. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். வகுத்தால் 17 சொச்சம்.

அந்த ஒரு பறிப்புக்கு 570 கிலோவுக்கு 9,690 ரூபாய். பறிகூலி 4,200, வண்டி 600. மிச்சம் 4,890. உரம், மருந்து, களை எல்லாம் இதற்குள்தான். நோட்டைப் பார்த்த மனைவி, "நம்ம ரெண்டு பேர் கூலியை எங்க எழுதியிருக்கீங்க?" என்றாள்.

ஜூலை 14
விடாத மேகமூட்டம். இலையில் கொப்புள நோய் தெரிகிறது. காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்து அடித்த அன்று மாலையே மழை.

ஆகஸ்ட் 20
டீக்கடையில் பழைய பேச்சு. 2000 வாக்கில் பச்சை இலை கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு விழுந்ததையும் தாங்கினோமே என்கிறார் பெரியவர் ஒருவர். அன்றைய கூலி என்ன, இன்றைய கூலி என்ன? 2023-ல் இலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த விலை வந்தால் தேயிலையை எடுத்துவிட்டுக் கேரட் போடுவதைப் பற்றி யாரும் யோசிக்கவே மாட்டார்கள். எனக்கும் யோசனை வருவதுண்டு. ஆனால் கேரட்டுக்கு விதை, உரம் என்று மொத்தமாக முதல் போட வேண்டும், விலை விழுந்தால் எல்லாம் போச்சு. தேயிலை கொஞ்சமாகத் தந்தாலும் மாதாமாதம் தரும். கூட்டுறவுச் சொசைட்டிக் கடன் தவணையும் மாதாமாதம்தானே.

செப்டம்பர் 9
கீழ் அரை ஏக்கரைக் கவாத்துக்கு, அதாவது செடியை வெட்டித் தாழ்த்துவதற்கு, விட்டேன். மூன்று நான்கு மாதம் அங்கே இலை கிடையாது, வெட்டுக்கூலி மட்டும் உண்டு. இதற்கு மேலும் கவாத்தைத் தள்ளிப்போட முடியாது, செடி இடுப்புக்கு மேல் போய்விட்டது. மேல் ஏக்கரின் அடுத்த பறிப்பை நாங்களே கையால் எடுப்பதாக முடிவு. வெட்டிய கிளை விறகுக்கு ஆகும்.