எலும்பைக் கட்டும் ஊசி: அம்மாவின் சிகிச்சையில் நாங்கள் பார்த்தது

எலும்பு மெலிவு என்றால் கால்சியம் மாத்திரை போட்டால் போதும் என்று எங்கள் குடியாத்தம் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா குடத்தைத் தூக்கும்போது முதுகில் சுளீரென்று பிடித்தது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தும் விடாததால் எக்ஸ்ரே எடுத்தோம், முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. அப்புறம் வேலூர் போய் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்பு மெலிவுதான், அம்மாவுக்கு அதையும் தாண்டி இறங்கியிருந்தது.

எலும்பில் அரிக்கிற செல், கட்டுகிற செல் இரண்டும் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும், மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அரிப்பவை கை ஓங்கிவிடும் என்று டாக்டர் விளக்கினார். அலெண்ட்ரோனேட் மாதிரியான மாத்திரைகள் அந்த அரிப்பை அடக்கும். ஏற்கெனவே எலும்பு நசுங்கியவர்களுக்குக் கட்டுகிற செல்களையே தூண்டும் டெரிபாரடைடு ஊசி நல்லது என்றார். இது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோனின் ஒரு துண்டு, 84 அமினோ அமிலங்களில் முதல் 34. அதே ஹார்மோன் ரத்தத்தில் ஓயாமல் அதிகமாக இருந்தால் எலும்பைக் கரைத்துவிடும், தினம் ஒரு தடவை கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் எலும்பு கட்டும். இதைக் கேட்ட பிறகுதான் ஏன் தினமும் போட வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. அம்மாதான் மருந்து நிரப்பி வரும் ஊசிப் பேனாவைப் பார்த்ததும், "இன்னா கண்ணு, தெனமுமா குத்திக்கணும்?" என்று பயந்தார்.

கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எல்லாம் ரத்தத்தில் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்கள். 20 மைக்ரோகிராம், வயிற்றிலோ தொடையிலோ. முதல் சில ஊசிகளுக்குத் தலை சுற்றலாம் என்றதால் ராத்திரி படுக்கும் நேரத்தில், கட்டிலில் உட்கார வைத்தே போட்டேன். ஊசி மயிர் மாதிரி மெலிசு, ஒரு வாரத்தில் அம்மா தானே சட்டையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

உண்மையான பாடு பேனாவைக் காப்பாற்றுவதில்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், மே மாதத்தில் மருந்து வாங்கிக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறும்போது பேனா ஐஸ் கட்டியில் நேராகப் படாதபடி துண்டில் சுற்றி, ஐஸ் பாக்ஸை மடியிலேயே வைத்துக்கொள்வேன். திறந்த 28 நாளில் மருந்து மிச்சமிருந்தாலும் பேனாவை மாற்றிவிட வேண்டும், விலையை நினைத்து இழுத்தடிக்காதீர்கள். கேழ்வரகுக் களியும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அது ஊசிக்குப் பதிலாகாது.

பெரும்பாலும் 2 வருஷத்தோடு இதை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் சும்மா விட்டால் கட்டிய எலும்பு மறுபடி கரையும், அதனால் அடுத்து என்ன மருந்து என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு முறை நரம்பு வழியே ஏற்றும், எலும்பு அரிப்பை அடக்கும் சோலெட்ரானிக் ஆசிட். முதல் தடவை ஏற்றிய அன்று ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன, முன்பே சொல்லியிருந்ததால் பாராசிட்டமால் கொடுத்துச் சமாளித்தோம்.