லினக்ஸில் ஓடுகிறது, மற்றதில் ஏன் ஓடவில்லை?

லினக்ஸில் சுத்தமாக பில்ட் ஆகும் நிரல் மேக்கில் முரண்டு பிடித்தால், சி கோடைத் தொடும் முன் ஷெல் ஸ்கிரிப்டுகளைப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கோப்பில் உள்ள சொற்களை மாற்றும் 'செட்' (sed) கட்டளையில், கோப்பையே நேரடியாகத் திருத்தச் சொல்லும் 'ஐ' (-i) விருப்பத்தையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் இருக்கும் க்னூ செட்டில் அதற்குக் காப்புக் கோப்பின் பெயரோடு சேரும் பின்னொட்டு தேவையில்லை. மேக்கில் இருக்கும், பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளக் குடும்பத்தின் செட்டோ அடுத்து வரும் சொல்லைக் காப்புக் கோப்பின் பின்னொட்டாக விழுங்கிவிடும். பிறகு கோப்பின் பெயரைக் கட்டளையாகப் படிக்கப் போய்ப் பிழை காட்டும். '.பேக்' என்பதை 'ஐ'யோடு இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினால் இரண்டிலும் ஓடும். காப்புக் கோப்பை அடுத்த வரியில் அழித்துவிடலாம்.

சி மொழியில் முதல் சந்தேகம் 'லாங்' என்ற முழு எண் வகை மீதுதான். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். கோப்பின் அளவை அதில் வைத்தால் 2 ஜிபி தாண்டியதும் எண் கெட்டுவிடும். எங்கும் 8 பைட்டாகவே இருக்கும் 'இன்ட்64_டி' போட்டுவிடுங்கள்.

ஓர் எழுத்தை வைக்கும் 'கேர்' வகை இன்னும் மோசம். எக்ஸ்86 செயலியில் ஓடும் லினக்ஸில் அது குறியுள்ளது (எதிர்ம எண்ணையும் ஏற்கும்), ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் குறியில்லாதது. உள்ளீட்டிலிருந்து ஓர் எழுத்தைப் படிக்கும் 'கெட்கேர்' தரும் மதிப்பை அதில் வாங்கி, உள்ளீடு முடிந்ததைக் குறிக்கும் ஈஓஎஃப்புடன் (−1) ஒப்பிட்டால், ஆர்மில் −1 என்பது 255 ஆகி, லூப் முடியவே முடியாது. வாங்கும் மாறி 'இன்ட்' ஆக இருக்கட்டும்.

இயங்குதளத்தின் பெயரைப் பார்த்துக் கோடைப் பிரிக்கும் 'இஃப்டெஃப்' நிபந்தனைகளை அடுக்காதீர்கள். தேவையான ஃபங்ஷன் இருக்கிறதா என்று பில்டை அமைத்துத் தரும் கருவியான சிமேக்கிலேயே சோதியுங்கள். நாளை புதிதாக ஒரு பிஎஸ்டி வந்தாலும் கோடைத் தொட வேண்டியிருக்காது.