கிழக்கே போக மேற்கே பறந்த பாட்டி

2024 பிப்ரவரி 6, செவ்வாய். ரேங்கின் இன்லெட், நூனவுட் பிரதேசம், வட கனடா

மதியத்திலிருந்து பனிப்புயல். இரண்டு மணிக்கே அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு விருந்தாளி. நூனவுட்டின் மேற்கே ஜோவா ஹேவனிலிருந்து வந்திருக்கும் பாட்டி, வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தலைநகர் இக்காலுயிட்டில் சிறையில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பியவர். விமானம் இங்கே இறங்கியதோடு சரி, மேற்கொண்டு பறக்கவில்லை. சொந்தக்காரர் வீடு இங்கே இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இரவு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மகன் இருப்பது கிழக்கே. பாட்டி முதலில் தென்மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து யெல்லோநைஃப் போயிருக்கிறார். அது நூனவுட்டிலேயே இல்லை, பக்கத்துப் பிரதேசத்தின் தலைநகர். அங்கிருந்து திரும்பக் கிழக்கே இங்கே. இன்னும் ஆயிரத்துச் சொச்சம் பாக்கி. நூனவுட்டில் 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. விமானம் விட்டால் வேறு வழியில்லை.

பிப்ரவரி 7, புதன்

புயல் நிற்கவில்லை. சூப் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாட்டி சீல் தோலில் மகனுக்குக் கையுறை தைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பகுதியில் தையல் அவ்வளவு நெருக்கம், நூலே கண்ணுக்குத் தெரியவில்லை. பல்லால் நூலைக் கடித்துவிட்டு, பேரப்பையனைக் கூப்பிட்டு அவன் கையில் மாட்டிப் பார்த்தார். மகனைப் பார்த்துப் பதினான்கு மாதமாம். அளவு நினைவிலிருந்துதான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இந்த ஊரிலேயே ஒரு சிறை இருக்கிறதே" என்றேன். "எங்கள் ஊர்ப் பக்கம் இல்லையே" என்றார். பாட்டி பேசியதைப் பேத்திதான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

பிப்ரவரி 8, வியாழன்

அந்தப் பதிலே மனதில் ஓடுகிறது. இக்காலுயிட்டின் பழைய பாஃபின் சிறை 1986இல் திறந்தது. அப்போது நூனவுட் என்று ஒன்று கிடையாது, எல்லாம் யெல்லோநைஃப் ஆட்சிதான். 1999இல் தனிப் பிரதேசம் பிறந்தபோது அந்தச் சிறையும் கூடவே வந்தது. நெரிசல், சுவரெல்லாம் பூஞ்சை. 2015இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையே அதைக் கடுமையாகச் சொன்னது. இங்கே ரேங்கினில் 48 படுக்கைகளோடு, குணப்படுத்தும் மையம் என்ற பெயரில் ஒரு சிறை 2013இல் வந்தது. 2021இல் இக்காலுயிட்டில் ஆக்கிகியார்விக் என்ற புதுச் சிறைக் கட்டடம். கிழக்குக்குக் கிடைத்தது, நடுவுக்குக் கிடைத்தது. மேற்கே, பாட்டியின் ஊர் இருக்கும் கிடிக்மியொட் பகுதிக்கு? குக்லுக்டுக்கில் சின்ன மையம் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் அந்த ஆள் தெற்கே கூட்டாட்சிச் சிறைக்கே போய்விடுவார். அந்தத் தூரத்தைப் பேசவே வேண்டாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

மேற்கேயும் ஒரு சிறை வேண்டும் என்று கட்டுமான வேலை பார்க்கும் நண்பரிடம் சொல்லிச் சண்டையே வந்துவிட்டது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீதிமன்றம் இருப்பது இக்காலுயிட்டில். நீதிபதி ஊர் ஊராகப் பறந்து வந்து விசாரித்தாலும் அலுவலகம், வக்கீல்கள், பெரிய மருத்துவமனை எல்லாம் அங்கேதான். மூலைக்கு ஒன்று கட்டினால் விசாரணைக் கைதியை வாராவாரம் விமானத்தில் ஏற்ற வேண்டும். சிமெண்டு, இரும்பு எல்லாம் கோடையில் கப்பலில் வந்தாக வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. நிலத்தடி உறைபனியில் அடித்தளம் போடுவது தனி வித்தை.

அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. "காவலர்களுக்கு வீடு எங்கே?" வெளியிலிருந்து வருகிற ஊழியருக்கு வேலையோடு வீடும் கொடுத்தாக வேண்டும். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்துத் தூங்குகிற ஊரில், சிறைக்காக மட்டும் புது வீடுகள் எழும்பினால் அங்கே உள்ளவர்களுக்கு எப்படி இருக்கும்?

இருந்தாலும் நான் விடமாட்டேன். நூறு படுக்கை வேண்டாம். தண்டனை முடிவான, ஆபத்தில்லாத பத்துப் பதினைந்து பேருக்கு ஓர் இடம், கிடிக்மியொட்டில். காவலர்கள் அந்த ஊர்க்காரர்களாகவே இருந்தால் வீட்டுப் பிரச்சினையில் பாதி தீரும். பெரியவர்கள் கைதிகளை வேட்டை முகாமுக்குக் கூட்டிப் போவது இங்கே ஏற்கெனவே இருக்கிற வழக்கம். பனியைப் பார்த்து வழி சொல்ல அந்தந்த நிலத்துப் பெரியவரால்தானே முடியும்.

பிப்ரவரி 10, சனி

காற்று அடங்கிவிட்டது. பத்தரைக்கு விமானம். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பையில் காயவைத்த சார் மீன், மேலே கையுறை. ஊர் திரும்பவும் இதே சுற்றுத்தான். டிக்கெட்டுக்கு நான்கு குடும்பங்கள் பணம் போட்டிருக்கின்றன.

பிப்ரவரி 13, செவ்வாய்

போன் வந்ததாம். இரண்டு தடவை பார்த்துவிட்டார். மகன் இளைத்திருக்கிறானாம். கையுறையில் கட்டைவிரல் சிறிதாகப் போய்விட்டது, பிரித்துத் தைக்கத் திரும்பக் கொண்டுவருகிறார்.