மெடிக் வந்து சேரும்வரை

ஒரு படைப்பிரிவு போருக்குத் தயாரா என்று கேட்டால் ஆள் கணக்கு, ஆயுதக் கணக்கு, வண்டிக் கணக்கு எல்லாம் காட்டுவார்கள். பயிற்சியாளனாக இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது வேறு. அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த சிப்பாயைக் கூப்பிடுவேன். கண்ணைக் கட்டிவிட்டு, இடது கையால் மட்டும் தன் தொடையில் டூர்னிக்கெட், அதாவது ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை, போட்டு இறுக்கச் சொல்வேன். பட்டை எந்தப் பையில் இருக்கிறது என்று அவன் தேட ஆரம்பித்தாலே எனக்குப் பதில் கிடைத்துவிடும்.

தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்கள்தான். படையோடு வரும் மருத்துவ உதவியாளரான மெடிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நேரத்துக்குள் வந்து சேர்வார் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவன் செய்தால்தான் உண்டு.

அமெரிக்க ராணுவத்தின் 75வது ரேஞ்சர் ரெஜிமெண்ட் இதைச் செய்து காட்டியது. 1990களின் இறுதியில் அவர்கள் பயிற்சியை நான்கு விஷயங்களாகச் சுருக்கினார்கள்: உடல்திறன், குறிபார்த்துச் சுடுதல், சிறு குழுவின் போர் ட்ரில், அப்புறம் மருத்துவம். நான்காவதை மெடிக்குகளிடம் மட்டும் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு ரேஞ்சரும் கற்றாக வேண்டும், கமாண்டர் உட்பட. ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் 2001 முதல் 2010 வரை போரில் காயமுற்ற அவர்களது 419 பேரைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்களில் 32 பேர் இறந்தார்கள். ஆனால் மருத்துவமனைக்குப் போகும் முன்பு, தவிர்த்திருக்கக்கூடிய மரணம் ஒன்றுகூட இல்லை. போடப்பட்ட டூர்னிக்கெட்டுகளில் கணிசமானவை மெடிக் அல்லாதவர்கள் போட்டவை. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதை வகுப்பறையில் உட்கார்ந்து கற்க முடியாது. படம் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கி, பயிற்சி முடிந்தது என்று எழுதுவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கும். ஓடிக் களைத்து மூச்சு வாங்கும்போது, இருட்டில், கையுறையோடு செய்யவேண்டும். எல்லோருடைய பட்டையும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அப்போதுதான் மற்றவன் கை தேடாமல் அங்கே போகும். சில மாதம் விட்டால் கை மறந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

இதையெல்லாம் நடத்தவேண்டியவர் சிறு குழுவின் தலைவரான செக்‌ஷன் கமாண்டர்தான். மேலே இருக்கும் அதிகாரி உத்தரவு போடலாம். யார் கை நடுங்குகிறது, யார் ரத்தத்தைக் கண்டால் உறைந்துபோகிறான் என்பது தினமும் கூட இருப்பவருக்குத்தான் தெரியும். அவருக்கு நேரம் கொடுங்கள். வாரத்தில் ஒரு மதியத்தை, வேறெந்த வேலைக்கும் பிடுங்காமல், அவர் கையில் விடுங்கள்.

பயிற்சி முடிந்து உட்கார்ந்து பேசும்போது இளையவன் முதலில் பேசட்டும். கமாண்டர் வாய் திறந்துவிட்டால் பிறகு எல்லோரும் ஆமாம் சார்தான்.

அடுத்த களப் பயிற்சிக்குத் திட்டம் போடுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மெடிக்கை அடிபட்டவர் என்று அறிவித்துவிடுங்கள். அப்புறம் யார் முதலில் அவர் பக்கத்தில் மண்டியிடுகிறார்கள் என்று பாருங்கள்.