தீத்தடை நாளில் கிறிஸ்துமஸ் ஹாம்

காலை வானொலி சொல்லிவிட்டது: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து விம்மரா வட்டாரத்தில் இன்று முழுத் தீத்தடை, அதாவது வெளியில் தீ மூட்டத் தடை.

விக்டோரியாவின் கோதுமைப் பண்ணைகளில் டிசம்பர்க் கோடை இப்படித்தான். வீட்டைச் சுற்றி அறுத்த தாள் காய்ந்து நிற்கும். ஒரு பொறி போதும்.

விறகும் கரியும் கூடாது. கேஸ் பார்பிக்யூ அடுப்பைப் பற்றவைக்கலாம். ஆனால் சுற்றி 3 மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் கிடக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயோ 10 லிட்டர் தண்ணீரோ கையெட்டும் தூரத்தில் வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

ஹாம், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை, வெந்து, புகையூட்டியே கடையிலிருந்து வரும். நம் வேலை தோலை உரிப்பது. தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவே விரலை விட்டு மெல்லத் தள்ளுங்கள். குளிர் விடாத ஹாமில் தோலோடு கொழுப்பும் பிய்ந்து வரும். அரை மணி ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கட்டும்.

கொழுப்பில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். சதை வரை வெட்டினால் கொழுப்பு சூட்டில் பிளந்து சரியும்.

பலர் கெடுப்பது சர்க்கரை, கடுகுப் பூச்சில்தான். முதலிலேயே பூசினால் கருகும். ஹாமுக்கு நேர் கீழே உள்ள பர்னரை அணைத்து, மூடியை மூடி, சுமார் 160 டிகிரியில் சூடேற்றுங்கள். கடைசி 40 நிமிடத்தில் பூச்சு, கால் மணிக்கு ஒருமுறை.

மிச்சத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், வியர்த்துக் கொழகொழக்கும். 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வினிகர் கலந்து, பருத்திப் பையை நனைத்துப் பிழிந்து, அதில் போட்டு ஃபிரிட்ஜில். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பையை அலசி மறுபடி நனைக்கணும்.

40 டிகிரி வெயிலில் சூடாக இறைச்சி பரிமாறுவது இங்கிலாந்துக் குளிர்காலம் விட்டுப்போன பிடிவாதம். மறுநாள் இதே ஹாம், ஜில்லென்று, ரொட்டிக்கு நடுவில்தான் ருசி.