ஏசி மெக்கானிக்கிடம் கிடைத்த கீவேர்டுகள்

வடசென்னையில் சிறிய கடைகளுக்கும் சர்வீஸ் சென்டர்களுக்கும் வெப்சைட் எழுதித் தருவது என் தொழில். பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்பவர், எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பெரம்பூரில் டியூஷன் சென்டர் நடத்துபவர் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “கூகுள்ல தேடுனா நாம மேல வரணும்மா.” அடுத்து, “அதுக்கு இன்னா கீவேர்டு போடணுமோ எல்லாத்தையும் போட்டுடு.”

கீவேர்டு என்றால் ஜனங்கள் தேடும்போது தட்டுகிற சொல். எல்லாத்தையும் போடுவது சுலபம். அதற்கென்று டூல்கள் இருக்கின்றன. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான சொற்களைக் கொட்டிவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பத்திக்கு இரண்டாகச் செருகி எழுதப்பட்ட பக்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். தொடர்புடைய சொற்கள் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு பலம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவை வேலை தெரிந்தவரின் வாயிலிருந்து வந்தால்தான் பக்கத்தில் ஒட்டும். இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது திருவொற்றியூர் தேரடி பக்கத்தில் இருக்கும் ஒரு ஏசி சர்வீஸ் கடை.

அந்தக் கடைக்கு ஏற்கெனவே யாரோ ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முதல் பத்தி இப்படி இருந்தது: “திருவொற்றியூரில் சிறந்த ஏசி சர்வீஸ் தேடுகிறீர்களா? எங்கள் திருவொற்றியூர் ஏசி சர்வீஸ், திருவொற்றியூரில் குறைந்த விலை ஏசி சர்வீஸ் வழங்கும் சிறந்த ஏசி சர்வீஸ் சென்டர் ஆகும்.” பக்கம் முழுக்க இதே கதைதான். பக்கத்தின் பின்னணிக் குறிப்பில் வேறு, கீவேர்டுகளுக்கென்று இருக்கும் மெட்டா டேகில் ஒரு நீண்ட வரிசை. அந்த டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. ஒரே சொல்லை இப்படித் திணிப்பதை ஸ்பேம் என்றே தன் விதிகளில் எழுதியும் வைத்திருக்கிறது. அந்தக் கடைக்காரர் இதற்கும் பணம் கொடுத்திருந்தார். உழைத்துச் சம்பாதித்த காசு. எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

நானும் முதலில் டூலைத்தான் திறந்தேன். ‘ஏசி சர்வீஸ்’ என்று கொடுத்ததும் வந்தவை: இன்வெர்ட்டர் ஏசி விலை, ஒன்றரை டன் ஏசி ஆஃபர், ஏசி மெக்கானிக் வேலைவாய்ப்பு, ஏசி டெக்னீஷியன் கோர்ஸ், ஏசி கேஸ் சார்ஜ் கட்டணம், ஏசி வாட்டர் லீக்கேஜ். எல்லாமே ‘தொடர்புடைய’ சொற்கள்தான். ஆனால் விலையும் ஆஃபரும் தேடுகிறவர் புது ஏசி வாங்கப் போகிறவர். வேலைவாய்ப்பு தேடுகிறவர் ஐடிஐ முடித்த பையன். இவர்கள் யாருக்கும் இந்தக் கடை எந்த விதத்திலும் உதவாது. அந்தச் சொற்களைச் சேர்த்தால், வருகிறவர்களும் வந்த வேகத்தில் திரும்பிப் போவார்கள். தேடுகிறவர் எதற்காகத் தேடுகிறார் என்று பார்க்காமல் தொடர்பை மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பட்டியல் எப்போதும் பெரிதாகத்தான் கிடைக்கும். நான் பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். மிச்சமிருந்தவற்றை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன்.

கடை என்றால் ஷட்டர் போட்ட ஒரே அறை. வாசலில் கழற்றிப் போட்ட அவுட்டோர் யூனிட்டுகள். கடைக்கார அண்ணன் அவற்றில் ஒன்றின் கண்டென்சர் காயிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அலுமினியத் தகடுகள், அவர்கள் ஃபின் என்பார்கள், ஓரமெல்லாம் வெள்ளை பூத்துப் போயிருந்தன. விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தது.

“இது இன்னா தெரியுமாமா? உப்புக்காத்து. காசிமேட்லேர்ந்து எர்ணாவூர் வரைக்கும் கடல பாத்த மாதிரி மாட்டுன யூனிட்டு எல்லாம் இப்டிதான் ஆவும். ஃபின் போயிடும், அப்புறம் காப்பர் அரிக்கும், பொடி ஓட்ட வுழும். அவங்க போன் பண்ணி இன்னா சொல்லுவாங்க? ‘கேஸ் தீந்துபோச்சு, வந்து ரொப்பிட்டுப் போங்க.’ கேஸ் இன்னா பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? மூடுன குழாக்குள்ளயே சுத்திக்கினு இருக்குறது அது. கொறஞ்சிருந்தா எங்கியோ வெளிய போவுதுன்னு அர்த்தம். அத அடைக்காம ரொப்புனா திரும்பக் கூப்டுவாங்க, காசு தண்டம்.”

“லீக் எங்கேன்னு எப்படிண்ணா கண்டுபிடிப்பீங்க?”

“மொதல்ல குழா சேர்ற எடத்துல இருக்குற ஃப்ளேர் நட்டுங்க கிட்ட சோப்புத்தண்ணி தடவுவோம். நொர வந்தா அதான். அங்க இல்லன்னா நைட்ரஜன் ஏத்தி பிரஷர் நிக்குதா பாக்கணும். அடைச்சப்புறம் வேக்கம் போட்டு, உள்ள இருக்குற காத்த உறிஞ்சிட்டுதான் கேஸ் ஏத்தணும். அதுலயும் ஆர்22 கேஸ் வேற, ஆர்32 கேஸ் வேற. மாத்தி ஏத்துறவங்களும் இருக்காங்க.”

இவ்வளவையும் போனில் பதிவு செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தபோது, அந்தச் சின்னப் பேச்சுக்குள்ளேயே கண்டென்சர், ஃபின், காப்பர், ஃப்ளேர் நட், நைட்ரஜன், வேக்கம், ஆர்22, ஆர்32 எல்லாம் வந்திருந்தன. எதுவும் செருகப்பட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. டூல் கொடுத்த பட்டியலில் இவற்றில் பாதிகூட இல்லை. 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். எல்லா ஆவணங்களிலும் வருகிற சொல்லைவிட, சிலவற்றில் மட்டும் வருகிற சொல்லுக்குத் தேடலில் அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தேடல் துறையே அந்தக் கருத்தின் மேல் வளர்ந்தது. ‘சிறந்த’, ‘சர்வீஸ்’, ‘குறைந்த விலை’ எந்தக் கடையின் பக்கத்திலும் இருக்கும். ஃப்ளேர் நட்டில் சோப்புத்தண்ணி தடவுவதைப் பற்றி எத்தனை பேர் தமிழில் எழுதியிருக்கிறார்கள்?

தமிழில் எழுதும்போது இன்னொரு தேவையும் இருக்கிறது. ‘கேஸ்’ என்று எழுதினால் அது ஏசிக்குள் ஓடும் வாயுவா, சமையல் சிலிண்டரா, கோர்ட்டில் நடக்கிற வழக்கா? ‘ஏசி’ என்பதும் அப்படித்தான். ஏசி பஸ் உண்டு, ஏசி கோச் உண்டு, போலீஸ் உதவி ஆணையரையும் ஏசி என்றுதான் சொல்கிறோம். மனிதர்கள் பக்கத்துச் சொல்லை வைத்துப் புரிந்துகொள்கிறார்கள். இயந்திரமும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது. 2013இல் கூகுள் அறிவித்த ஹம்மிங்பேர்ட் என்ற தேடல்முறை மாற்றம், தனிச்சொற்களைத் தாண்டி முழுக் கேள்வியின் பொருளையும் பார்க்கத் தொடங்கியது. 2019 அக்டோபரில் பெர்ட் வந்தது. ஒரு சொல்லை அதற்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு சேர்த்துப் படிக்கும் முறை அது. முதலில் அமெரிக்க ஆங்கிலத் தேடல்களுக்கு, அந்த டிசம்பரிலேயே 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு. ஆகவே கேஸ் என்ற சொல்லின் அருகே கம்ப்ரசரும் காப்பர் குழாயும் லீக்கும் இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்பதற்கு அவைதான் சாட்சி.

இந்தத் துறையில் ‘எல்எஸ்ஐ கீவேர்டு’ என்ற பெயரில் ஒரு சரக்கு பல வருடங்களாக விற்பனையாகிறது. எல்எஸ்ஐ உண்மையான கண்டுபிடிப்புதான்: எந்தெந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டு ஆவணங்களைத் தேடும் முறை. பெல்கோர் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆய்வுக்கூடத்துக்காரர்கள் 1988இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். வெப்சைட்டுகளே இல்லாத காலம் அது. கூகுளின் ஜான் முல்லர் 2019இல், எல்எஸ்ஐ கீவேர்டு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் “இருபது எல்எஸ்ஐ கீவேர்டு சேர்த்துக் கொடுக்கிறோம்” என்று கடைக்காரர்களிடம் இன்னும் பில் போடுகிறார்கள். தொடர்புடைய சொற்கள் உதவும் என்பது வேறு. ஏதோ ஒரு மந்திரப் பட்டியலைச் சேர்த்தால் மேலே ஏறிவிடலாம் என்பது வேறு. இரண்டையும் குழப்பிக் காசு வாங்குவது நியாயமே இல்லை.

பழைய சைட்டில் இன்னொரு கூத்தும் இருந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காலடிப்பேட்டை, மணலி, எண்ணூர் என்று ஊருக்கு ஒரு பக்கம். உள்ளே ஒரே பத்தி, ஊர்ப்பெயர் மட்டும் வேறு. தேடலுக்காகவே இப்படி வரிசையாகப் பிரதி எடுப்பதும் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்குள் வருகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். ஆனால் அண்ணனிடம் கேட்டபோது, ஊருக்கு ஊர் உண்மையாகவே வித்தியாசம் இருந்தது. கடலோரத் தெருக்களில் உப்பு அரிப்பு. எண்ணூர், மணலிப் பக்கம் ஃபில்டரில் சீக்கிரம் தூசி அடைத்துக்கொள்ளும். கொருக்குப்பேட்டைச் சந்துகளில் அவுட்டோர் யூனிட்டுக்கு இடமே இருக்காது. எதிர்ச் சுவரை ஒட்டி மாட்டிவிடுவார்கள், வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளே போகும், கூலிங் குறையும். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினோம். ஊர்ப்பெயர்கள் தாமாக வந்து உட்கார்ந்தன.

அதிகம் உழைத்தது ‘ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகுவது ஏன்’ என்ற பக்கத்துக்குத்தான். ஜனங்கள் இப்படித்தான் தேடுகிறார்கள். ‘ஏசி சர்வீஸ்’ என்று தேடுபவர்களைப் போலவே, ‘தண்ணி ஒழுகுது’, ‘கூலிங் ஆகல’, ‘ஐஸ் கட்டுது’ என்று தேடுபவர்களும் உண்டு. தமிழிலும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழிலும், போனில் வாயால் பேசியும் தேடுகிறார்கள். இதற்கு கூகுள் தேடல் பெட்டி தானே நிரப்பிக் காட்டும் வரிகளும், பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களும் நல்ல துணை. ஆனால் விடை அங்கே இல்லை. தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பைப்பில் பாசி அடைத்திருக்கலாம், இன்டோர் யூனிட் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கலாம், ஃபில்டர் அழுக்கால் காயிலில் ஐஸ் கட்டி உருகியிருக்கலாம், கேஸ் குறைந்ததாலும் ஐஸ் கட்டலாம். இதில் வீட்டுக்காரரே செய்யக்கூடியது ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது. அதை முதலில் எழுதச் சொன்னவர் அண்ணன்தான். “அவங்களே சரி பண்ணிக்கினாக்கூடப் பரவால்லமா. அட்த்த வாட்டி நம்மளத்தான் கூப்டுவாங்க” என்றார்.

அந்தப் பக்கத்தின் தொடக்கத்தைச் சொல்கிறேன்: “ஏசியின் உள் யூனிட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அப்போதும் ஒழுகினால் டிரெயின் பைப் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.” கடையின் பெயர் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. உடன் போட்ட படத்துக்கு, அதைப் பார்க்க முடியாதவர்களுக்காகத் தரும் மாற்று உரையில் ‘பாசி அடைத்த ஏசி டிரெயின் பைப்’ என்று படத்தில் உள்ளதையே எழுதினேன்.

சில மாதங்கள் கழித்து, எந்தத் தேடல்களுக்கு நம் பக்கம் வந்தது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தபோது, நான் எழுதியே இராத வாக்கியங்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் காட்டப்பட்டிருந்தது. ‘ஏசி போட்டா சுவத்துல தண்ணி இறங்குது’, ‘ஏசி உள்ள ஐஸ் வருது’. தினமும் வரும் தேடல்களில் 15 சதவீதம் அதுவரை யாரும் தேடியிராதவை என்று கூகுள் சொல்கிறது. எந்தப் பட்டியலாலும் அவற்றை முன்கூட்டிச் சொல்ல முடியாது. விஷயத்தை முழுதாக எழுதிய பக்கத்துக்கு மட்டும்தான் அந்தக் கேள்விகளோடு பொருந்த வழி உண்டு.

இரண்டாம் பக்கத்தில் கிடந்தது முதல் பக்கத்துக்கு வந்தது உண்மை. முழுப் பெருமையையும் எழுத்துக்கே கொடுத்துவிட மாட்டேன். அதே சமயத்தில், மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் கடையின் நேரம், முகவரி, படங்கள் எல்லாவற்றையும் சரிசெய்தோம். வாடிக்கையாளர்களிடம் ரிவ்யூ கேட்டு வாங்கினோம். மேப்பில் வரும் கடைகளுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது. அம்பத்தூரில் இருந்து தேடுகிறவருக்குத் தேரடி கடையை எந்தச் சொல்லும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்காது. கத்திரி வெயிலில் ஏசித் தேடல் எல்லோருக்குமே ஏறும் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் வருடா வருடம் பிப்ரவரியில் உட்கார்ந்து போன கோடையின் தேடல்களைப் பார்க்கிறோம். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருக்கும் என்பதால் அதற்கு வசதி. இந்த முறை ‘ஆர்22 ஏசிக்கு ஆர்32 கேஸ் போடலாமா’ என்ற கேள்வி அடிக்கடி தென்பட்டது. தனிப் பக்கம் போடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது, அழுத்தமும் அதிகம், பழைய மெஷினில் போடவே கூடாது என்பதைத் தவிரச் சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை என்றார். கேஸ் லீக் பக்கத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டோம்.